வைரமும் காரீயமும்: பிணைப்பும் அமைப்பும் பண்பை வகுக்குமாறு

உப்பு நீரிற் கரைகின்றது. பொன் அடிக்க அடிக்கத் தகடாகின்றது. கண்ணாடி அடித்த மாத்திரத்தே நொறுங்குகின்றது. இவை ஏன் இவ்வாறு நிகழ்கின்றன என வினவுவார்க்கு, "அஃது அப்பொருளின் குணம்" என விடையிறுத்தல் எளிது. ஆயின் அவ்விடை வினாவையே வேறொரு சொல்லாற் கூறியதாகும். குணத்துக்குக் காரணமாய்ப் பொருளின் உள்ளே இருப்பது யாது என்பதே இரசாயனவியல் எழுப்பும் வினா.

பொருளில் அடங்கிய மூலகங்களே அதன் குணத்துக்குக் காரணம் என்பது இவ்வினாவுக்கு முதற்கண் தோன்றும் விடை. இஃது ஓரளவுக்கு உண்மையே. எனினும் முழுவதும் உண்மையன்று. ஒரே மூலகத்தாலான இரு பொருள்கள் ஒன்றற்கொன்று மாறான குணங்களை உடையனவாய் இருக்குமாயின், மூலகத்தை மட்டும் காரணமாகக் கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? வைரமும் காரீயமும் அத்தகைய இரு பொருள்கள். அவற்றை ஒப்புநோக்கி, அணுக்கள் தம்முட் பிணைந்துள்ள முறையும் அவை அடுக்கப்பட்டுள்ள ஒழுங்கும் குணங்களை எவ்வாறு வகுக்கின்றன என்பதை ஈண்டு விளக்குவாம்.

பெயரும் பொருளும்

காரீயம் என்னும் சொல் கரிய ஈயம் எனப் பொருள்படும். ஐரோப்பியரும் இப்பொருளை ஈயத்தோடு தொடர்புடையதெனவே நெடுங்காலம் எண்ணினர். இலங்கைக் காரீயம் உலகச் சந்தையிற் பெற்றிருந்த 'பிளம்பாகோ' என்னும் வணிகப் பெயரும் ஈயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. உண்மையில் காரீயத்துள் ஈயம் இல்லை. அது காபனின் ஒரு வடிவமே என்பதைச் சுவீடன் நாட்டு அறிஞர் சீலே 1779இற் காட்டினார். 1789இல் சேர்மன் அறிஞர் வேணர், எழுதுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்றும் 'கிரபைற்று' என்னும் பெயரை ஆக்கினார். பென்சிலின் உள்ளே இருந்து தாளில் எழுதுவது இதுவே.

வைரத்தின் உண்மையும் எரித்துப் பார்த்தே அறியப்பட்டது. 1772இல் இலவோசியர் பெரிய வில்லைகளால் ஞாயிற்றின் கதிர்களைக் குவித்து வைரத்தை எரித்தார். கரி எரியும்போது தோன்றும் வாயுவே அப்போதும் தோன்றிற்று. 1797இல் ஆங்கில அறிஞர் சிமித்சன் தெனந்து, ஒரு நிறை வைரம் எரிந்து தரும் காபனீரொட்சைட்டின் அளவு, அதே நிறைக் கரி எரிந்து தரும் அளவே என நிறுவினார். எனவே, மணிமுடியில் ஒளிரும் வைரமும் அடுப்பங்கரியும் பென்சிலின் காரீயமும் மூலக அளவில் ஒன்றே.

ஆயினும் குணங்களிலோ வேற்றுமை பெரிது. கனிப்பொருள்களின் வன்மையை அளக்கும் மோசு அளவையில் வைரத்துக்கு 10; காரீயத்துக்கு 1 முதல் 2 வரை. வைரம் ஒளியை ஊடுசெல்ல விடுவது. காரீயம் கரியது, ஒளிபுகாதது. வைரம் மின்னைக் கடத்தாது. காரீயம் நன்கு கடத்தும். வைரத்தின் ஒரு கன சதமமீற்றர் 3.51 கிராம் நிறையுடையது. தூய காரீயத்தின் அதேயளவு 2.26 கிராமே. எரித்து நிறுக்கும் தராசினால் இவ்வேற்றுமைகளுக்குக் காரணம் கூறல் இயலாது. அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன எனக் காட்டவல்ல ஒரு கருவி வேண்டியிருந்தது. எக்சுக்கதிர் அக்கருவியாயிற்று.

வைரத்தின் கட்டுக்கோப்பு

காபன் அணுவின் ஆறு இலத்திரன்களுள் நான்கு புறவோட்டில் உள்ளன. இரண்டு அணுக்கள் ஒவ்வோர் இலத்திரனை ஈந்து ஒரு சோடியைப் பொதுவாகக் கொள்ளுதலே பங்கீட்டு வலுப்பிணைப்பு என 1916இல் அமெரிக்க அறிஞர் இலூயிசு விளக்கினார். நான்கு இலத்திரன்களையுடைய காபன் இவ்வாறு நான்கு பிணைப்புக்களை ஆக்கலாம்.

வைரத்தில் நிகழ்வது இதுவே. தந்தையும் மைந்தருமாகிய பிறாக்கு என்னும் அறிஞர் இருவர் 1913இல் எக்சுக்கதிர் கொண்டு வைரத்தின் அமைப்பை வெளிப்படுத்தினர். ஒவ்வொரு காபனணுவும் நான்முகியொன்றின் நடுவில் இருப்பதுபோல நின்று, அதன் நான்கு மூலைகளிலும் உள்ள நான்கு அணுக்களோடு பிணைந்துள்ளது. பிணைப்புக்களின் இடைக்கோணம் ஏறத்தாழ 109.5 பாகை, பிணைப்பின் நீளம் 1.54 அங்சுத்திரோம். ஓர் அங்சுத்திரோம் என்பது ஒரு சதமமீற்றரின் பத்துக்கோடியில் ஒரு பங்கு. இக்கட்டுக்கோப்பு எல்லாத் திசைகளிலும் தொடர்ந்து செல்வதனால் வைரக்கல் முழுவதும் ஒரே மூலக்கூறு எனினும் அமையும்.

இவ்வமைப்பிலிருந்து குணங்கள் தாமே பிறக்கின்றன. எத்திசையிற் கீறினும் வலிய பிணைப்புக்களை அறுத்தாலன்றி அணுக்கள் இடம்பெயரா. ஆதலின் வைரம் வன்மை மிக்கது. நான்கு இலத்திரன்களும் பிணைப்புக்களிற் கட்டுண்டிருப்பதால் மின்னைச் சுமந்து செல்வதற்கு ஒன்றேனும் எஞ்சவில்லை. அக்கட்டினின்று ஓர் இலத்திரனைக் கிளப்புதற்கு வேண்டிய சத்தி கட்புலனாகும் ஒளியிடம் இல்லாமையால், ஒளி உறிஞ்சப்படாது ஊடுசெல்கின்றது.

மின்னைக் கடத்தாத வைரம் வெப்பத்தைச் செம்பிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு நன்றாகக் கடத்துவது வியப்புத் தரலாம். உலோகங்களில் வெப்பத்தைப் பெரும்பாலும் கொண்டு செல்பவை இலத்திரன்கள். வைரத்திலோ அணுக்களின் அதிர்வே வெப்பத்தைக் கொண்டு செல்கின்றது. இலேசான அணுக்கள் விறைப்பான பிணைப்புக்களாற் கோக்கப்பட்டிருப்பதால், ஓரிடத்து எழுந்த அதிர்வு மறுமுனைக்கு விரைந்து சேர்கின்றது. மின்கடத்தாமையும் வெப்பங்கடத்தலும் ஆகிய இரண்டுக்கும் அதே பிணைப்புக்களே காரணம் என்பது நோக்கற்பாலது.

காரீயத்தின் அடுக்குக்கள்

காரீயத்தின் அமைப்பை 1924இல் பேணல் என்னும் அறிஞர் தெளிவாக்கினார். இங்கே ஒவ்வொரு காபனணுவும் மூன்று அணுக்களோடு மட்டுமே ஒரே தளத்திற் பிணைந்துள்ளது. பிணைப்புக்களின் இடைக்கோணம் 120 பாகை. இதனால் தேன்கூட்டின் அறைகள் போன்ற அறுகோணங்கள் நிரம்பிய தட்டையான அடுக்குக்கள் உண்டாகின்றன. ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடைத்தூரம் 3.35 அங்சுத்திரோம். அடுக்குக்களுக்கு இடையே பங்கீட்டு வலுப்பிணைப்பு இல்லை. வந்தர்வாலிசு விசை எனப்படும் மெல்லிய கவர்ச்சியே உண்டு. ஒவ்வோர் அணுவின் நான்காவது இலத்திரனும் தன் அணுவோடு நில்லாது அடுக்கு முழுவதற்கும் பொதுவாய் உலாவுகின்றது.

அடுக்கினுள் இரு காபனணுக்களின் இடைத்தூரம் 1.42 அங்சுத்திரோம், வைரத்திலுள்ள 1.54இலும் இது குறைவு. குறுகிய பிணைப்பு வலிய பிணைப்பு. எனவே மென்மைக்கு உதாரணமாகக் கூறப்படும் காரீயத்தின் அடுக்கினுள் உள்ள பிணைப்பு, வன்மைக்கு உதாரணமாகிய வைரத்தின் பிணைப்பிலும் வலியது. பிணைப்பின் வலிமையை மட்டும் நோக்கிப் பொருளின் வன்மையைத் துணிதல் பிழையாம் என்பதை இது காட்டுகின்றது. அப்பிணைப்பு எத்திசையில் உளது, எத்திசையில் இலது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

ஆகவே ஒரு குணத்துக்குக் காரணம் தேடும்போது, "இங்கே அறுபடுவது எப்பிணைப்பு?" என வினவுதலே தக்கது. காரீயத்தைத் தாளில் தேய்க்கும்போது அடுக்குக்களுக்கு இடையேயுள்ள மெல்லிய கவர்ச்சியே விடுபடுகின்றது. ஆதலின் அது மென்மையாய் உதிர்கின்றது. அதனை வெப்பத்தாற் குலைக்க வேண்டுமாயின் அடுக்கினுள் உள்ள வலிய பிணைப்புக்களை அறுத்தல் வேண்டும். ஆதலின் சாதாரண அமுக்கத்தில் அது உருகாது, 3,600 பாகை செல்சியசுக்கு மேலேயே நேரே ஆவியாகின்றது. நகத்தாற் கீறக்கூடிய பொருள் உருகிய உலோகத்தைத் தாங்கும் மூசையாகவும் பயன்படுவது இதனாலேயே. மின்னும் அவ்வாறே. உலாவும் இலத்திரன்கள் அடுக்கின் வழியே மின்னை எளிதிற் கொண்டு செல்கின்றன; அடுக்குக்களைக் குறுக்கே கடக்குமிடத்துக் கடத்தல் பன்மடங்கு குறைகின்றது. அகன்ற இடைவெளி அடர்த்தியைக் குறைக்கின்றது. கட்டற்ற இலத்திரன்கள் எந்நிற ஒளியையும் உறிஞ்சவல்லன. ஆதலின் காரீயம் கரியது.

பாதி விளக்கம்

காரீயம் வழுக்குவதற்கும் எந்திரங்களுக்கு உலர்ந்த மசகாகப் பயன்படுவதற்கும் அடுக்குக்கள் ஒன்றன்மேலொன்று சறுக்குவதே காரணம் எனப் பாடநூல்கள் பலவும் கூறும். மாணவரும் அதனை மனனஞ் செய்து தேர்வில் எழுதுவர். இவ்விளக்கம் பாதியே உண்மை என்பதை இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்கள் வெளிப்படுத்தின. மிக உயரத்திற் பறந்த விமானங்களின் மின்பிறப்பாக்கிகளிற் பொருத்தப்பட்ட காபன் தூரிகைகள், தரையில் நெடுநாள் உழைப்பன, அங்கே விரைவில் தூளாகித் தேய்ந்தன. அடுக்குக்கள் அங்கும் அவ்வாறே இருந்தன. மாறியது காற்று மட்டுமே.

1948இல் சவேச்சு என்னும் ஆய்வாளர் இதன் காரணத்தை வெளியிட்டார். வெற்றிடத்திற் காரீயம் வழுக்குவதில்லை, உராய்ந்து தேய்கின்றது. சிறிதளவு நீராவியைச் செலுத்தியவுடன் வழுக்குந் தன்மை மீள்கின்றது. அடுக்கின் விளிம்பிலுள்ள அணுக்கள் மூன்று துணைகளையும் பெறாது குறைவுற்று நிற்பன. நீராவி போன்ற மூலக்கூறுகள் அங்கே வந்து பொருந்தி அக்குறையை நிரப்புகின்றன. அவை இல்லாவிடத்து விளிம்புகள் எதிரேயுள்ள மேற்பரப்பைப் பற்றிக்கொள்கின்றன. கந்தகமும் மொலித்தனமும் சேர்ந்த மொலித்தனமீர்சல்பைட்டும் அடுக்கமைப்பு உடையதே. அது வெற்றிடத்திலும் நன்கு வழுக்குவதால் விண்கலங்களிற் பயன்படுகின்றது. அமைப்பே குணத்தை வகுக்கின்றது என்னும் கொள்கை இதனாற் பொய்க்கவில்லை. அமைப்பு என்பதனுள் விளிம்பும், விளிம்பைச் சூழ்ந்த காற்றும் அடங்கும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

நிலைபேறு

இவ்விரண்டனுள் நிலைபேறு மிக்கது யாது? வைரமே என்பார் பலர். சாதாரண வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் காரீயமே சற்று நிலைபேறு மிக்கது. ஒரு மூல் காபனுக்கு ஏறத்தாழ 1.9 கிலோயூல் அளவே வேற்றுமை. அவ்வாறாயின் வைரங்கள் ஏன் காரீயமாகி விடவில்லை? ஓர் ஒழுங்கினின்று மற்றையதற்கு மாறுதற்கு முதலில் வலிய பிணைப்புக்கள் அறுபடல் வேண்டும். அதற்கு வேண்டிய சத்தி சாதாரண வெப்பநிலையிற் கிடைப்பதில்லை. ஆகவே வைரத்தைக் காப்பதும் அதன் பிணைப்பே. மறுபுறம், பெரும் அமுக்கம் அடர்த்தி மிக்க ஒழுங்குக்குச் சாதகமானது. 1954 திசெம்பரில் அமெரிக்காவின் செனரல் எலத்திரிக்கு நிறுவன ஆய்வுகூடத்தில் திரேசி ஓல் என்பார், மிக்க வெப்பத்தையும் பல பத்தாயிரம் வளிமண்டல அமுக்கத்தையும் ஒருங்கே செலுத்திச் செயற்கை வைரத்தை ஆக்கினார்.

அடுக்கின் இக்காலப் பயன்

அடுக்குக்களுக்கு இடையேயுள்ள கவர்ச்சி மெல்லியது என்னும் அவ்வொரு செய்தி இக்காலத்தில் இரு பெரும் பயன்களை அளித்துள்ளது. 2004இல் மான்செசுற்றர்ப் பல்கலைக்கழகத்தில் கீம், நோவோசெலோவ் என்போர் சாதாரண ஒட்டுநாடாவாற் காரீயத்தை மீண்டும் மீண்டும் உரித்து, ஓரணுத் தடிப்புடைய தனி அடுக்கைப் பெற்றனர். அதுவே கிரபீன். 2010இல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. மற்றையது இலிதியம் அயன் மின்கலம். கைத்தொலைபேசியிலும் மின்வண்டியிலும் உள்ள இம்மின்கலத்தை ஏற்றும்போது, இலிதியம் காரீயத்தின் அடுக்குக்களுக்கு இடையே புகுந்து தங்குகின்றது. ஆறு காபனணுக்களுக்கு ஒரு இலிதியம் என நிறையும்போது அடுக்கிடைத் தூரம் 3.35இலிருந்து ஏறத்தாழ 3.70 அங்சுத்திரோமாக விரிகின்றது. மின்கலம் மின்னை வழங்குகையில் இலிதியம் வெளியேற, அடுக்குக்கள் மீண்டும் நெருங்குகின்றன. வைரத்தில் இது நிகழாது. புகுவதற்கு அங்கே வாயில் இல்லை.

இப்பொருள் நமக்கு அயலானதன்று. கேகாலை மாவட்டத்துப் போகலையிலும் குருநாகல் மாவட்டத்துக் ககட்டகககையிலும் பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாக ஓடும் இலங்கைக் காரீயம், நூற்றுக்கு 95க்கு மேற்பட்ட காபனையுடையதாய்த் தூய்மைக்குப் பெயர்பெற்றது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் அது மூசைகளுக்காகப் பெருந்தொகையாக ஏற்றுமதியாயிற்று. அதனை நிறுத்து விற்கும் கரிய கல்லெனக் காண்பார்க்கு அக்கல்லின் விலையே கிடைக்கும். அதன் அடுக்குக்களை உரிக்கவும், இடைவெளியிற் பிறிதொன்றைப் புகுத்தவும், விளிம்பைத் திருத்தவும் அறிந்தார்க்கு அதே நிறைக்குப் பன்மடங்கு பயன் கிடைக்கும். இவ்விருவருக்கும் இடையேயுள்ள வேற்றுமை பிணைப்பையும் அமைப்பையும் பற்றிய அறிவே. அவ்வறிவு மனனத்தால் வருவதன்று. பொருளொன்றைக் கையிலெடுக்குந்தோறும், இதனுள் அணுக்கள் எவ்வாறு நிற்கின்றன, எப்பிணைப்புத் தாங்குகின்றது, எது விட்டுக்கொடுக்கின்றது என வினவும் பழக்கத்தாலேயே அது வரும்.