ஒரு கணக்கும் பல ஏடுகளும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், கண்டிக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயார், மகளின் பத்திரங்களைப் பையிலிட்டுக்கொண்டு என் காரியாலயத்துக்கு வந்தார். பிறப்புப் பதிவில் பிள்ளைக்கு ஒரு பெயர். பாடசாலைச் சேர்வு இடாப்பில் வேறொரு பெயர். பரீட்சை விண்ணப்பத்தில் மற்றுமொன்று. "என் புள்ள ஒருத்திதானுங்களே, சேர்?" என்று அவர் வினவினார். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துவதற்காக அவர் பல நாட் சம்பளத்தை இழந்து அலைய நேர்ந்தது.

நேயர்களே, ஒரே செய்தியைப் பல ஏடுகளில் பல கைகள் எழுதுவதால் விளையும் துன்பம் இது. வணிக உலகம் இதே துன்பத்துக்குக் கண்ட பரிகாரமே 'நிறுவன வளத் திட்டமிடல்' எனப்படும் மென்பொருள். ஆங்கில முதலெழுத்துக்களைக் கொண்டு இதனை 'ஈ.ஆர்.பி.' என வழங்குவர். பெயர் அச்சந் தருவதாயினும் பொருள் எளிது.

ஹந்தானையிலுள்ள தேயிலை அரும்பொருட்சாலையை உங்களுட் பலர் பார்த்திருப்பீர்கள். 1925 இல் கட்டப்பெற்ற பழைய தொழிற்சாலை அது. கொழுந்து வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, நொதித்து, உலர்ந்து, சலித்துத் தரம்பிரிக்கப்படும் வழியை அங்குள்ள பொறிகளைக் கொண்டே உணரலாம். ஆனால் கொழுந்தோடு கூடவே மற்றொன்றும் பயணஞ் செய்கின்றது. அது கணக்கு.

மலையில் ஒரு பெண் பறித்த கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்படுகின்றது. 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த 18 முதலிற் கணக்கப்பிள்ளையின் குறிப்பேட்டில் ஏறும். அங்கிருந்து செக்ரோலுக்குச் செல்லும். செக்ரோலிலிருந்து சம்பளப் பட்டியலுக்கும் ஊழியர் சேமலாப நிதிக் கணக்குக்கும் போகும். மறுபுறத்தில், தொழிற்சாலை வரவேட்டில் ஏனையோர் கொழுந்தோடு சேர்ந்து மொத்தத் தொகையாகும். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும் என்பது பொதுக்கணக்கு; அதனை வைத்தே வந்த கொழுந்தையும் விளைந்த தேயிலையையும் ஒப்புநோக்குவர். பின்னர் தரகர், 2020 முதல் இணையவழி நடைபெறும் கொழும்பு ஏலம், விற்பனைப் பணம் என அது தொடரும். ஓர் எண்ணை எத்தனை பேர் எத்தனை முறை பெயர்த்தெழுதுகின்றனர்! 18 என்பது 16 ஆக மாறுவதற்குச் சிறிது தூக்கக் கலக்கமே போதும்.

ஈ.ஆர்.பி. முறையில் எல்லாப் பகுதிகளுக்கும் நடுவே ஒரே தரவுக் களஞ்சியம் உண்டு. மடுவத்தில் இலத்திரனியல் தராசு காட்டும் எடை ஒரேயொரு முறை அதிற் பதிவாகும். அதன்பின் எவரும் அதனைப் பெயர்த்தெழுதுவதில்லை. சம்பளம், கையிருப்பு, கொள்வனவு, விற்பனை, கணக்கியல் ஆகிய ஒவ்வொரு பகுதியும் அதே பதிவிலிருந்து தனக்கு வேண்டியதைக் கணித்துக்கொள்ளும். உரத்தின் கையிருப்புக் குறைந்தாற் கொள்வனவுப் பகுதி உடனே அறியும். பதிவொன்றை யார், எப்பொழுது மாற்றினார் என்பதும் அழியாது நிற்குமாறு அமைக்கலாம். அழிறப்பரையும் வெட்டியெழுதுதலையும் கண்டு பழகிய என் போன்ற ஏட்டுக்காரருக்கு இதுவே பெருவியப்பு.

இதன் வரலாற்றிலும் தேயிலை மணம் வீசுகின்றது. இங்கிலாந்தில் தேநீர்ச்சாலைகள் பல நடத்திய ஜே. லையன்ஸ் கம்பனி, 'லியோ' என்னும் கணினியைத் தானே அமைத்து, 1951 நவம்பரில் தன் வெதுப்பகக் கணக்கை அதனிடம் ஒப்படைத்தது. வணிக அலுவலுக்குக் கணினி ஒழுங்காகப் பயன்பட்ட முதல் நிகழ்ச்சி அதுவே. 1972 இல் ஐ.பி.எம். கம்பனியின் முன்னாள் ஊழியர் ஐவர் ஜெர்மனியில் எஸ்.ஏ.பி. கம்பனியைத் தொடங்கினர். ஈ.ஆர்.பி. என்னும் பெயரை 1990 இல் இட்டது கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம்.

இன்று இது பெருங்கம்பனிகளுக்கு மட்டும் உரியதன்று. மும்பாயிற் பிறந்த ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் போன்றவற்றின் மூலநிரல் யாவர்க்கும் திறந்துள்ளது. எனினும் நிறுவவும் பழக்கவும் பேணவும் பணம் வேண்டும். கண்டி நகரில் இரண்டு கிளைகளும் ஒரு களஞ்சியமும் வைத்திருக்கும் வணிகர் இதைப்பற்றி விசாரிக்கலாம். ஒற்றைக் கடைக்காரருக்கு, என் எண்ணத்தில், நல்லதொரு பேரேடே போதும்.

அவசரமும் ஆகாது. அமெரிக்காவின் ஹேர்ஷி சொக்கலேற் கம்பனி, 1999 இல் விற்பனை மும்முரமாகும் பருவத்தில் விரைந்து புதிய முறைக்கு மாறியது. சரக்கு இருந்தும், ஏறத்தாழ 10 கோடி டொலர் பெறுமதியான கட்டளைகளை உரிய வேளையில் அனுப்ப இயலாது தவித்தது.

மற்றுமோர் ஆபத்தும் உண்டு. பழைய முறையில் இரண்டு ஏடுகள் முரண்பட்டதாலேயே பல பிழைகள் வெளிப்பட்டன. இங்கோ, தவறான எண் ஒருமுறை புகுந்தால் எல்லாப் பகுதியிலும் மெய்போலவே தோன்றும். ஆகவே மடுவத்தில் நிறுக்கும் கணமே முழுக் கணக்கின் உயிர்நிலை. பையின் பாரத்துக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிப்பது என்பதை மென்பொருள் தீர்மானிப்பதில்லை. மனிதர் தீர்மானித்து அதனுள் எழுதுகின்றனர். நிறுத்தவுடனேயே எடை, கழிவு, நிகர எடை மூன்றையும் தமிழில் அச்சிட்ட துண்டொன்று பறித்தவர் கையிற் சேரவேண்டும் என்று தோட்ட நிர்வாகம் கேட்டால், மென்பொருள் அமைப்போருக்கு அது பெரிய வேலையன்று.

முதலிற் குறிப்பிட்ட தாயாரும் கொழுந்து பறிப்பவரே. மகளின் பெயர் திருந்திய நாளில் அவர் என்னிடம் வேண்டியது ஒன்றுதான்: "இனிமே எழுதுறப்போ எனக்கு ஒருதரம் வாசிச்சுக் காட்டுங்க, சேர்."