கூரையும் புகைபோக்கியும்

பழனிமலைத் தொடரில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது கோடைக்கானல். அங்குச் செல்வோர், 1863ஆம் ஆண்டில் மதுரை ஆட்சியர் லெவிஞ்சு என்பாரின் முயற்சியால் உருவான ஏரியையும், வானளாவி நிற்கும் தூண் பாறைகளையும் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவர். ஏரிக்குச் செல்லும் வழியிலுள்ள பழைய வீட்டின் கூரையை நோக்குவோர் மிகச் சிலரே. ஆனால், அவ்வூர் மக்கள் மழையையும் குளிரையும் எவ்வாறு தாங்கி வாழ்ந்தனர் என்பதை ஏரி கூறாது, அக்கூரையே கூறும்.

பழைய வீடுகள் பலவற்றின் சுவர்கள் கல்லால் ஆனவை. கூரை சரிவான தகரம். இருபருவ மழையும் பொழியும் மலையில், தட்டையான கூரைமீது நீர் தேங்கும். சரிவில் விழும் நீரோ உடனே வழிந்தோடும். கூரைக்கு மேல் எழும் புகைபோக்கி, உள்ளே கணப்படுப்பு உண்டு என அறிவிக்கின்றது. சமவெளி வீட்டில் திண்ணை பெற்ற சிறப்பை மலை வீட்டில் கணப்படுப்பு பெற்றது எனலாம். இறவாரத்தின்கீழ் அடுக்கிய விறகையும் படத்தில் சேர்த்தல் நன்று.

கட்டடத்தைப் படமெடுத்தல் எளிதன்று. கருவியை மேல்நோக்கிச் சாய்த்தால், சுவர்கள் உச்சியில் ஒன்றையொன்று நெருங்குவனபோலத் தோன்றும். ஆதலின், வீட்டாரின் இசைவு பெற்று, சற்றுத் தொலைவில் நின்று, கருவியை நேராகப் பிடித்தல் வேண்டும். மூடுபனி மற்றோர் இடையூறு. பனியில் ஒளி எப்புறமும் ஒரே அளவாகப் பரவுவதால் நிழல் விழுவதில்லை. நிழல் இல்லையேல் கல்லின் உளித்தடம் புலப்படாது. பனி விலகிய காலையில் சாய்ந்து விழும் கதிரொளி அத்தடங்களைத் தெளிவாகக் காட்டும்.

எளிய பொருள்களைப் படமெடுக்கும் வழக்கம் புதியதன்று. சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரையில் கோயிலை மட்டுமன்றி, தெருவில் நின்ற விளக்குத்தூணையும் படமெடுத்தார். மெழுகு பூசிய தாளில் உருவம் பதிய நெடுநேரம் ஆகும். ஆகவே நடமாடுவோர் அத்தகைய படங்களில் பதிவதில்லை. இன்று கடைவீதியின் இரைச்சலுக்கு நடுவே நிற்கும் அத்தூணின் பழைய தோற்றத்தை அப்படமே காட்டுகின்றது.

இக்கலைக்கு வேண்டிய பொறுமையைக் கோடைக்கானலிலேயே காணலாம். அங்குள்ள வானாய்வு நிலையத்தார், வானம் தெளிந்த நாள்களிலெல்லாம் கதிரவனை 1904ஆம் ஆண்டு முதல் படமெடுத்து வருகின்றனர். ஒருநாட் படம் பெரிதாக எதையும் கூறிவிடாது. நூறாண்டுப் படங்களை வரிசைப்படுத்தினாலோ, கதிரவனின் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவது புலனாகின்றது.

இன்று பழைய வீடுகள் சில மறைந்து, விடுதிகள் எழுகின்றன. ஒரு வீட்டை ஆண்டுதோறும் அதே இடத்தில் நின்று படமெடுத்து, நாளும் இடமும் குறித்து வைத்தால், தகரம் நீங்கிக் காங்கிரீட் வந்த ஆண்டும் புகைபோக்கி இடிக்கப்பட்ட ஆண்டும் அவ்வரிசையில் பதிந்திருக்கும்.