வாடகைக் கணிப்பொறியில் தொலைபேசி நிலையம்

பெரிய அலுவலகங்களிலும் தங்கும் விடுதிகளிலும் மூன்று இலக்க எண்ணை அழுத்தி ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கென இணைப்பகம் என்னும் பெட்டி தேவைப்பட்டது. அதன் விலையோ மிக அதிகம். 1999-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் என்ற கல்லூரி மாணவர், தம் சிறு நிறுவனத்திற்கு அதை வாங்க வசதியின்றி, அதன் வேலையைக் கணிப்பொறியே செய்யும்படி ஒரு 'புரோகிராம்' எழுதினார். 'ஆஸ்டெரிஸ்க்' என்று அதற்குப் பெயரிட்டார். இன்றும் அதை எவரும் இலவசமாகப் பெறலாம்.

அதை இயக்கச் சொந்தக் கணிப்பொறிகூட வேண்டியதில்லை. பெரிய கணிப்பொறி ஒன்றைப் பல பங்குகளாக்கி மாத வாடகைக்கு விடுகிறார்கள். ஒவ்வொரு பங்கும் தனிக் கணிப்பொறி போலவே இயங்கும். இதுவே 'வெர்ச்சுவல் சர்வர்'.

நம் குரல் அதன் வழியே செல்வது எப்படி? வழக்கமான முறையில் குரல் நொடிக்கு 8000 முறை அளக்கப்பட்டு, எண்களாக மாற்றப்பட்டு, நொடிக்கு 50 பொட்டலங்களாக இணையத்தில் அனுப்பப்படுகிறது. கடிதம் ஒரு நாள் தாமதித்தாலும் படித்துக்கொள்ளலாம். பேச்சு அப்படியன்று. பிந்தி வந்த பொட்டலத்தை எறிந்துவிட வேண்டியதுதான்! பங்கு வாடகையின் தொல்லை இங்கேதான் தலைகாட்டுகிறது. பொதுக் குழாயில் ஒருவர் அண்டா அண்டாவாகப் பிடித்தால் அடுத்தவர் குடம் காத்திருப்பது போல, பக்கத்துப் பங்குக்காரருக்கு வேலை மிகுந்தால் நம் முறை பிந்தும். குரல் விட்டுவிட்டுக் கேட்கும். ஆகவே மிக மலிவான பங்கைத் தேடாமல், நமக்கென்றே நேரம் ஒதுக்கப்பட்ட பங்கை எடுப்பதே நன்று.

திருடர் பயமும் உண்டு. 101-ஆம் எண் தொலைபேசிக்கு 101 என்றே கடவுச்சொல் வைத்தால், முகம் தெரியாதவர்கள் உள்ளே புகுந்து வெளிநாடுகளுக்குப் பேசித் தீர்ப்பார்கள். கட்டணம் நம் தலையில் விழும்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். 2013 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலம் மார்ஷல் நகரில், விடுதி அறையொன்றில் காரி ஹன்ட் என்ற தாய் தாக்கப்பட்டார். அவருடைய ஒன்பது வயது மகள், பெரியவர்கள் கற்பித்தபடியே 911 என்ற அவசர எண்ணை நான்கு முறை அழுத்தினாள். அழைப்பு வெளியே செல்லவில்லை. முதலில் ஒரு 9 சேர்த்து அழுத்தினால்தான் வெளியே பேசலாம் என்பது அந்த விடுதி இணைப்பகத்தின் ஏற்பாடு. குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? தாய் இறந்தார்.

குழந்தையின் பாட்டனார் ஓயாமல் முயன்றதன் பயனாக 2018-இல் அமெரிக்காவில் 'காரி சட்டம்' இயற்றப்பட்டது. 2020 பிப்ரவரி 16 முதல் புதிதாக நிறுவப்படும் இணைப்பகம் பழைய பெட்டியானாலும் வாடகைக் கணிப்பொறியானாலும், 911 வேறு எண் சேர்க்காமலே நேரே செல்ல வேண்டும். வாடகைக் கணிப்பொறி எங்கோ தொலைவில் இருக்கக்கூடுமாதலால், ஒவ்வொரு தொலைபேசியும் எந்தத் தெருவில், எந்த மாடியில் உள்ளது என்பதையும் முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும். 911-க்கு வழிவிட ஆஸ்டெரிஸ்கில் ஓரிரு வரிகள் எழுதினாலே போதும்.