ஒரே மரபு, இரண்டு இடுப்பளவு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கீலா ஆற்றுப் பகுதியில் வாழும் பீமா பழங்குடியினரை 1965 முதல் பல பத்தாண்டுகள் அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனத்தார் ஆராய்ந்தார்கள். நீரிழிவு அவர்களிடம் அந்த அளவுக்கு மலிந்திருந்தது. அவர்களுடைய பங்காளிகள் எல்லைக்குத் தெற்கே, மெக்சிகோவின் மைகோபா என்ற மலைக்கிராமத்தைச் சுற்றி இருக்கிறார்கள். இரு தரப்பையும் ஒப்பிட்ட ஆய்வு 2006இல் வெளிவந்தது. அரிசோனாவில் ஆண்களில் 64 சதவீதம், பெண்களில் 75 சதவீதம் பேருக்கு உடல்பருமன். மைகோபாவில் ஆண்களில் சுமார் 7, பெண்களில் 20 சதவீதம்தான். நீரிழிவும் அப்படியே: அரிசோனாவில் 38 சதவீதம், மைகோபாவில் 7. மைகோபாக்காரர்கள் கையால் உழுது விதைத்து, நடந்தே போய்வந்து, மக்காச்சோளமும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டவர்கள். அரிசோனாக்காரர்களும் ஒருகாலத்தில் வாய்க்கால் வெட்டிப் பாசன விவசாயம் செய்தவர்களே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேல்மடையில் குடியேறிய வெள்ளையர்கள் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்தது, பட்டினி வந்தது; பிறகு அரசு கொடுத்த மைதா, சர்க்கரை, பன்றிக்கொழுப்பு வந்தன. தண்ணீரைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்து ‘வாயைக் கட்டத் தெரியாதவர்கள்’ என்பது எந்த ஊர் நியாயம்?

அப்படியானால் மரபணுவுக்கு இதில் பங்கே இல்லையா என்று கேட்கலாம். நிறையவே உண்டு. 1990இல் கனடாவின் குளோட் பூஷார் குழுவினர், உருவொத்த இரட்டையர்கள் 12 ஜோடியை நூறு நாள் தங்கவைத்து, அதில் 84 நாள் தேவைக்கு மேல் தினம் 1,000 கலோரி ஊட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே கூடுதல் தீனி. ஆனால் ஒருவருக்கு 4 கிலோ ஏறியது, இன்னொருவருக்கு 13 கிலோ. ஒரு ஜோடிக்குள் இருந்த வித்தியாசமோ, ஜோடிகளுக்கிடையே இருந்ததைவிட வெகு குறைவு. ஆக, ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்களில் யாருக்குத் தொப்பை விழும் என்பதைப் பெருமளவு பிறப்பு தீர்மானிக்கிறது. ஊரில் எத்தனை பேருக்கு விழும் என்பதைத் தீர்மானிப்பது பந்தியில் என்ன பரிமாறப்படுகிறது என்பதே. இவை வெவ்வேறு கேள்விகள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் ‘உடலா, வாழ்க்கைமுறையா’ என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, தமிழகப் பெண்களில் எடை மிகுந்தவர்கள் 2015–16இல் 31 சதவீதம், 2019–21இல் 40. இந்த இடைவெளியில் யாருடைய மரபணுவும் மாறிவிடவில்லை.

மனக்கட்டுப்பாடுதான் குறைந்துவிட்டது என்பவர்கள் ஊட்டச்சத்து ஆய்வாளர் கெவின் ஹால் 2019இல் வெளியிட்ட சோதனையைப் பார்க்க வேண்டும். 20 பேரை ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான பாக்கெட் உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு என்று கொடுத்தார். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம், வேண்டுமட்டும் சாப்பிடலாம். பாக்கெட் உணவு வாரங்களில் அவர்கள் தினம் சுமார் 500 கலோரி அதிகம் உள்ளே தள்ளினார்கள். ஏறக்குறைய ஒரு கிலோ ஏறியது. மற்ற வாரங்களில் அதே அளவு இறங்கியது. அதே ஆட்கள், அதே மன உறுதி! சிறிய, குறுகிய காலச் சோதனைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சூழல் நம் பசியின் வழியாகவே உடலுக்குள் நுழைகிறது என்பதை இதைவிட நெருக்கமாகக் காட்டிய சோதனைகள் குறைவு. பசியை அடக்கும் புதிய ஊசிமருந்துகள் எடையைக் குறைப்பதும் முக்கியமாக, மூளையில் இருக்கும் அந்தப் பசிக்கதவில் கைவைப்பதால்தான்.

ஊசி தேவைப்படுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஊருக்கே ஊசி போட முடியாது; ஊருக்காக மாற்ற வேண்டியது சூழலைத்தான். மெக்சிகோ 2014இல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. முதலாண்டில் அவற்றின் விற்பனை சராசரியாக 6 சதவீதம் சரிந்தது. ஏழை வீடுகளில் சரிவு இன்னும் அதிகம். ‘ஆறு சதவீதத்தில் யார் இளைப்பார்கள்?’ என்பது நியாயமான கேள்விதான். வெறும் அறிவுரையால் மட்டும் அந்த ஆறு சதவீதமாவது கிடைத்திருக்குமா?