தேட்டத்தில் பாதி: தீவகத்தில் அன்றும் இன்றும்

யாழ்ப்பாணத் தீவகத்துப் பழைய சீதன உறுதி ஒன்றைப் பிரித்து வாசித்தால், அது காணியின் பரப்புக் கணக்கோடு நிற்காது. வீடு, வளவு, பனை, பயன்தரு மரங்கள், கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் உரித்து என்று நீளும். எல்லாம் பெண்ணின் பெயரில். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். உறவு முறிந்தால் வெளியே போகவேண்டியவரும் அவர்தான்.

இந்த வழமை 1707இல் எழுத்துக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்ததைப் பன்னிரண்டு முதலிமார் சரிபார்த்தனர். 1806இல் ஆங்கிலேயர் அதைத் தேசவழமைச் சட்டமாக ஏற்றனர். ஆணின் பரம்பரைச் சொத்து முதுசம். பெண் கொண்டுவந்தது சீதனம். இருவரும் வாழ்ந்த காலத்தில் சேர்த்தது தேடியதேட்டம். மனத்தாங்கலால் பிரிந்திருக்கும் தம்பதியரின் பிள்ளைகள் பெரும்பாலும் தாயோடுதான் நிற்பார்கள் என்று அந்தத் தொகுப்பே குறிப்பிடுகிறது. அப்படிப் பிரிந்திருக்கும்போது மனைவியின் சீதனத்தில் ஒரு துண்டைக்கூடக் கணவன் பிறருக்குக் கொடுக்க முடியாது.

முதுசமும் சீதனமும் வந்த வழியே திரும்பிவிடும். சண்டை வருவது தேட்டத்தில்தான். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் இதற்குத் தெளிவான விடை வைத்திருந்தது. யார் பெயரில் வாங்கியிருந்தாலும் தேட்டம் இருவருக்கும் பொது. மணம் கலைந்தால் ஆளுக்குப் பாதி. 1947இல் வந்த திருத்தம் அந்த வாசகத்தை எடுத்துவிட்டது. ஒருவர் இறந்தால் மற்றவருக்கு என்ன பங்கு என்பதை மட்டும் அது சொன்னது. உயிரோடு பிரிகிறவர்களுக்குப் பாதி என்ற உறுதி போய்விட்டது.

அன்று தேட்டம் என்பது தென்னிலங்கையில் கடை நடத்திய புருஷன் வாங்கிப்போட்ட இரண்டு பரப்புக் காணியும் கொஞ்ச நகையுமாக இருக்கும். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்க்கலாம். இன்று கனடாவிலும் பிரான்ஸிலும் உழைத்த பணம், நயினாதீவிலோ ஊர்காவற்றுறையிலோ மனைவியின் சீதனக் காணியில் மாடிவீடாக நிற்கிறது. கட்டடம் நிலத்தோடு போகும் என்பது பொது விதி. அந்த வீட்டுக்காகப் பத்து வருஷம் இரவுவேலை செய்தவருக்கு அது ஆறாத மனக்குறை. அவர் தன் பெயரில் கொழும்பில் வாங்கிய வீட்டைப் பற்றி, பிள்ளைகளைத் தனியே வளர்த்த மனைவிக்கும் அதே குறை.

சட்டத்தில் வழி அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615ஆம் பிரிவின்படி, விவாகரத்துத் தீர்ப்போடு ஒருவரின் சொத்தை மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ எழுதிக்கொடுக்க நீதிமன்றம் கட்டளையிடலாம். ஆனால் அது நீதிபதியின் தற்றுணிபு. கேட்டுப் பெறும் உரிமை அல்ல. அதற்கு முன் பிறமனை நயத்தல், கைவிட்டுப் போதல் போன்ற குற்றமொன்றை எண்பிக்கவும் வேண்டும்.

இன்னொரு முடிச்சு பெண்ணின் காலில். சீதனக் காணியை விற்க அவளுக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. அவன் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது இருக்கும் இடமே தெரியாவிட்டால், மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்கவேண்டும். நெடுந்தீவுப் பெண்ணுக்கு அது குறிகட்டுவானுக்குப் படகு, பிறகு பஸ், பிறகு தவணை.

கனடாவின் ஒன்ராறியோவில் 1986இல் வந்த குடும்பச் சட்டம், மணவாழ்வில் கூடிய சொத்தின் பெறுமதியைப் பிரிகிறவர்களுக்குள் சமப்படுத்துகிறது. டொரொண்டோவில் பிரியும் தீவகத் தம்பதிக்குக் கிடைக்கும் அந்த நியாயம் 1911இல் ஊரிலேயே சட்டமாக இருந்தது. சீதனமும் முதுசமும் அவரவருக்கே இருக்கட்டும். தேட்டத்தில் பாதி என்ற பழைய வாசகத்தை மட்டும் சட்டத்தில் திரும்பச் சேர்க்கவேண்டும். அதுவரை, சீதனக் காணியில் வீடு கட்டப் பணம் அனுப்புகிறவர்களும் அந்தப் பணத்தில் கட்டுகிறவர்களும், அத்திவாரம் போடுமுன் நொத்தாரிசிடம் போய் யாருக்கு எவ்வளவு என்பதை எழுதிவையுங்கள்.