மயங்கி விழும் மாப்பிள்ளை
பள்ளி மேடை – 7

சிபிஎஸ்இ 10ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் பல ஆண்டுகளாக இருந்துவருவது ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘த ப்ரொபோசல்’ என்ற பிரகசனம், அதாவது சிரிப்பு நாடகம். படித்த பிள்ளைகளைக் கேட்டால் பாத்திரங்களின் குணநலன்களை ஒப்பிப்பார்கள். படிக்கும்போது சிரித்தீர்களா என்றால் விழிப்பார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. பிரகசனத்தின் உயிர் நடிப்பவரின் உடம்பில் இருக்கிறது. அதனால்தான் எங்கள் நாடகக் குழு இந்த ஆண்டு இதையே தமிழில் எடுத்துக்கொண்டது.

கதை சின்னது. 35 வயது லோமோவ், பக்கத்துப் பண்ணைக்காரர் சுபுகோவின் மகள் நதாலியாவைப் பெண் கேட்க வருகிறான். வாயைத் திறப்பதற்குள், இரு பண்ணைக்கும் நடுவே கிடக்கும் புல்வெளி யாருடையது என்று சண்டை மூள்கிறது. அவன் வெளியேறிய பிறகு வந்த காரியம் தெரியவர, நதாலியா அவனைத் திரும்பக் கூட்டிவரச் சொல்லிக் கதறுகிறாள். வந்தவனோடு, யார் வீட்டு நாய் உசத்தி என்று அடுத்த சண்டை. வரப்புத் தகராறு பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதில் விளக்க எதுவுமில்லை. நிலத்தின் மதிப்பு 300 ரூபிள்தான் என்று நதாலியாவே சொல்கிறாள். ஆனாலும் விட மாட்டாள்!

1888இல் இதை எழுதியபோது செகாவுக்கு 28 வயது, தொழிலால் மருத்துவர். லோமோவின் படபடப்பையும் துடிக்கும் புருவத்தையும் மரத்துப்போகும் காலையும் அவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறார். 1935இல் ரஷ்ய நாடக இயக்குநர் மேயர்ஹோல்ட், இது உட்பட செகாவின் மூன்று ஓரங்க நாடகங்களை ஒன்றாகக் கோத்து மாஸ்கோவில் ‘33 மயக்கங்கள்’ என்ற பெயரில் மேடையேற்றினார். மூன்றிலும் ஆட்கள் மயங்குவதை எண்ணி வைத்த பெயர் அது. எங்கள் லோமோவுக்கு இதைச் சொன்னதும் நாற்காலியில் சரிவதற்குத் தனியாகப் பயிற்சி கேட்டான். முழங்கால் தளர வேண்டும், பிறகு இடுப்பு, பிறகு தோள். தலை கடைசியில்தான். கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். பார்ப்பவர்களுக்கும் பொய் தெரிந்துவிடும்.

முதல் வாரத்தில் பிள்ளைகள் எல்லோரும் சிரிக்கவைக்கப் பார்த்தார்கள். குரலை மாற்றினார்கள், தொலைக்காட்சி நகைச்சுவையை நடுவில் செருகினார்கள். அதையெல்லாம் நிறுத்தச் சொன்னேன். லோமோவுக்கு இது சாகிற வலி. நதாலியாவுக்கு வயது 25. இவன் போனால் இன்னொருவன் வருவானா என்ற பயம் அவளுக்கு உண்டு. அந்தப் பயம் நிஜமாக இருந்தால்தான் ‘கூட்டிக்கிட்டு வாங்கப்பா!’ என்ற அலறலுக்கு அரங்கம் அதிரும். தேர்வில் ‘சண்டைக்காரி’ என்று எழுதி மதிப்பெண் வாங்கிய மாணவிதான் நதாலியாவாக நடித்தாள். ‘இவ பாவம் சார்’ என்று அவள் சொன்ன நாளிலிருந்து அந்தக் காட்சி எழுந்து நின்றது.

சண்டைதான் பெரும் பாடு. ‘எங்களுது!’ ‘இல்ல, எங்களுது!’ என்று வசனம் திரும்பத் திரும்ப வரும். எடுத்த எடுப்பிலேயே கத்தினால் மூன்றாவது வரிக்கு மேல் ஏற இடமிருக்காது. அதனால் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, சண்டை முழுவதையும் கிசுகிசுப்பாகவே பேசவைத்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு படி கோபம் ஏறலாம், சத்தம் ஏறக் கூடாது. அப்படிப் பழகியபின் எழுந்து நின்று குரலைத் திறந்தபோது, எங்கே ஏற வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே பிடிபட்டிருந்தது.

சிரிப்புக்குக் காத்திருப்பதும் ஒரு பாடம். 6ஆம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து முன்னால் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தோம். சிரிப்பு உச்சத்தில் இருக்கும்போது பேசினால் வசனம் காதில் விழாது. முழுக்க அடங்கிய பிறகு பேசினால் வேகம் செத்துவிடும். சிரிப்பு இறங்கத் தொடங்கும் நொடியைக் காது கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த மாதிரி நாடகத்தை ஆண்டு விழா மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று ஆசிரிய நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே இரண்டு ஸ்டாண்டு மைக் இருக்கும்; நடிகர்கள் அதை விட்டு ஓரடி நகர முடியாது. துரத்தவோ சரியவோ இடமில்லாத பிரகசனம் வானொலி நாடகமாகிவிடும். நாங்கள் மைக் இல்லாமல், நூலக அறையின் மேசைகளை ஒதுக்கிவிட்டு, மூன்று பக்கமும் பார்வையாளர்கள் சூழப் போட்டோம். லோமோவ் சரிந்தபோது முன்வரிசைச் சிறுமி ஒருத்தி தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நதாலியா சற்றும் தயங்காமல் அதை வாங்கி அவன் முகத்தில் தெளித்துவிட்டு, நாய்ச் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

(தொடரும்)