மணலைவிடச் சின்ன விளக்கு. அதற்கு 7 டிரான்சிஸ்டர்!

செல்போன் திரையில் ஒரு குழந்தை சிரிக்கிறது. பார்ப்பதற்கு ஒரே படம். உண்மையில் அது லட்சக்கணக்கான விளக்குகள் சேர்ந்து போடும் கோலம்!

ஓ.எல்.இ.டி. திரைக்குப் பின்னால் பெரிய விளக்கு எதுவும் கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. கறுப்பு நிறம் வேண்டுமா? அந்தப் புள்ளி அணைந்துவிடும். அதனால்தான் இந்தத் திரையில் கறுப்பு, மையிருட்டாகத் தெரிகிறது.

இந்த விளக்குக்கு வழிகாட்டியவர்கள் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இரு விஞ்ஞானிகள். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரிலுள்ள கோடக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். கார்பன் கலந்த ரசாயனப் பொருள்களை மிக மெல்லிய இரண்டு ஏடுகளாகப் படியவைத்தார்கள். இரண்டும் சேர்ந்து தலைமயிரின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை! 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்சாரத்திலேயே அது பச்சையாக ஒளி வீசியது. 1987-ல் இதை வெளியிட்டார்கள்.

குடமும் மடையும்

விளக்கு கிடைத்துவிட்டது. ஆனால் லட்சக்கணக்கான விளக்குகளை யார் ஏற்றுவது? யார் அணைப்பது?

திரையில் 2,400 வரிசைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடியில் 60 தடவை படம் மாறவேண்டும். அப்படியானால் ஒரு வரிசைக்குக் கிடைக்கும் நேரம், ஒரு நொடியில் 1 லட்சத்து 44 ஆயிரத்தில் ஒரு பங்கு! அந்த நேரம் மட்டும் எரிந்தால் போதுமா? அடுத்த முறை வரும்வரை விளக்கு அணையக்கூடாது.

ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்களைக் காவல் வைத்தார்கள். ஒன்று வாசல்காரன். தன் வரிசையின் முறை வந்ததும் கதவைத் திறப்பான். "இவ்வளவு வெளிச்சம் வேண்டும்" என்ற உத்தரவு உள்ளே போய், கெப்பாசிட்டர் என்ற குடத்தில் நிரம்பும். உடனே கதவு மூடிவிடும். மற்றொருவன் மடைக்காரன். குடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, அதற்குத் தக்கபடி விளக்குக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுவான்.

இந்த யோசனை ஓ.எல்.இ.டி.க்கும் முந்தியது. ஹங்கேரியில் பிறந்த பீட்டர் பிராடி, பிட்ஸ்பர்க் நகரில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் இருந்தார். அவரும் அவருடைய குழுவினரும் 6 அங்குலச் சதுரத்தில் தானே ஒளிவிடும் திரை ஒன்றைச் செய்து, 1975-ல் அதைப் பற்றி எழுதினார்கள். கம்பெனி என்ன செய்தது? 1979-ல் அந்த வேலையையே நிறுத்திவிட்டது! பின்னாளில் ஜப்பானியக் கம்பெனிகள் டிரான்சிஸ்டர் வைத்த எல்.சி.டி. திரைகளை விற்றுப் பணத்தை அள்ளின. வீடு தேடி வந்த சீதேவியைக் காலால் உதைத்த கதைதான்.

திரையில் கறை

மடைக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இருந்தால் தொல்லை இல்லை. ஆனால் செல்போன் திரையில் சிலிக்கன் ஏட்டை லேசர் ஒளியால் உருக்கிப் பக்குவப்படுத்துகிறார்கள். அது ஆறி உறையும்போது இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறிவிடுகிறது. ஒரு டிரான்சிஸ்டர் 2 வோல்ட்டில் கண் விழிக்கும். பக்கத்திலிருப்பது 2.1 வோல்ட்டில்தான் விழிக்கும்.

இந்தச் சின்ன வித்தியாசம் என்ன செய்துவிடும்? கணக்குப் பாருங்கள். இரண்டுக்கும் 3 வோல்ட் உத்தரவு. முதலாவதற்கு மிச்சம் 1 வோல்ட், இரண்டாவதற்கு 0.9. மிச்சத்தை மிச்சத்தாலேயே பெருக்கினால் வருகிற அளவில்தான் மின்சாரம் ஓடும். 0.9-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 0.81. அதாவது, 100 பங்கு ஓட வேண்டிய இடத்தில் 81 பங்குதான்! வெள்ளைத் திரையில் திட்டுத் திட்டாகக் கறை தெரியும். அந்தப் போனை யார் வாங்குவார்கள்?

நல்ல கடைக்காரர் எடை போடுமுன் தராசின் முள்ளைப் பார்ப்பார். ஒரு பக்கம் சாய்ந்தால், அதற்கு ஈடாக மறுபக்கம் சிறு கல்லை வைப்பார். அதே தந்திரத்தை விளக்குக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். உத்தரவு வரும்போது, மடைக்காரன் எத்தனை வோல்ட்டில் விழிக்கிறான் என்பதைச் சுற்றே அளந்து, அதையும் சேர்த்துக் குடத்தில் நிரப்புகிறது. சோம்பேறிக்குக் கொஞ்சம் கூடுதல் உத்தரவு, சுறுசுறுப்பானவனுக்குக் குறைவு. வெளிச்சம் சமமாகிவிடுகிறது!

இதற்காகக் காவலாளிகள் பெருகினார்கள். இன்று பல செல்போன்களில் ஒரு விளக்குக்கு 7 டிரான்சிஸ்டர், 1 கெப்பாசிட்டர். புள்ளிக்கு 2 விளக்கு. 1080-க்கு 2400 புள்ளிகள். பெருக்கினால் 3 கோடியே 62 லட்சத்து 88 ஆயிரம் டிரான்சிஸ்டர்கள்! சட்டைப்பையில் இருக்கிறது இவ்வளவும்.

டெலிவிஷனின் இரவு வேலை

பெரிய திரைக்கு வேறு வழி வேண்டியிருந்தது. ஜப்பானில் ஹிடியோ ஹொசோனோ என்ற பேராசிரியரின் குழு, இண்டியம், காலியம், துத்தநாகம், ஆக்சிஜன் சேர்ந்த டிரான்சிஸ்டரை 2004-ல் வெளியிட்டது. பெரிய கண்ணாடியிலும் இது ஒரே சீராகப் படியும். பல ஓ.எல்.இ.டி. டெலிவிஷன்களில் இப்போது இந்த வகைதான்.

ஆனாலும் வயது யாரை விட்டது? நாள்பட்டால் டிரான்சிஸ்டரும் மாறும், விளக்கும் மங்கும். நீல விளக்கு சீக்கிரம் கிழடாகிறது. பல செல்போன்களில் நீலத்தைப் பச்சையைவிடப் பெரிதாக வைப்பது இதற்காகத்தான். நாள் முழுதும் ஒரே செய்திச் சானலை ஓடவிட்டால், அதன் முத்திரை திரையில் நிழலாகத் தங்கிவிடவும் கூடும்.

பல ஓ.எல்.இ.டி. டெலிவிஷன்கள் இதற்கும் ஒரு வைத்தியம் செய்துகொள்கின்றன. சில மணி நேரம் ஓடியபின் ரிமோட்டில் அணைத்ததும், எல்லோரும் தூங்கப்போன பிறகு, ஒவ்வொரு டிரான்சிஸ்டராகச் சோதித்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளும். அணைத்த கையோடு சுவரிலுள்ள சுவிட்சையும் தட்டிவிட்டால் இந்த வேலை நடக்காது. கரண்டு மிச்சம் பிடிக்கும் வீடுகளில் பெரியவர்களிடம் இதைச் சொல்லிவைப்பது நல்லது.